எஸ்பியர்க்குக்கு வடக்கே ஒரு திதி

நோர்வேயிலிருந்து டென்மார்க்குக்கு வந்த கப்பலில் நான் மூன்று தடவை சத்தி எடுத்தேன். பருத்தித்துறையில் கடலோடிய குடும்பத்தில் பிறந்தவன் நான். என் பாட்டனார், அதாவது அம்மாவின் தகப்பனார், பாய்க்கப்பலில் ரங்கூன் வரைக்கும் போய்வந்தவர். அவருடைய பேரன் அரைநாள் கடலைத் தாங்காமல் ஒரு வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தான். பக்கத்தில் பீர் குடித்துக்கொண்டிருந்த நோர்வேக்காரர் ஒருவர், கடலுக்குப் பழக்கமில்லையா என்று அனுதாபத்தோடு விசாரித்தார். எங்கள் குடும்ப வரலாற்றை அவருக்கு எடுத்துச் சொல்லும் நிலையில் நான் இருக்கவில்லை.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. வட நோர்வேயில் ஒரு மீன் தொழிற்சாலையில் நாள் முழுவதும் மீனுக்கு முள் எடுக்கும் வேலை எனக்கு. ஊரில் சந்தைக்குப் போய் ஒழுங்காக ஒரு மீன் வாங்கத் தெரியாதவன் என்று வீட்டில் பெயர் எடுத்தவன் நான். அந்த வேலையில் கிடைத்த ஒரு கிழமை லீவில்தான் இந்தப் பயணம்.

காரணம் அம்மாவின் கடிதம். பாட்டனார் கதிரித்தம்பி கடைசித் தடவை ரங்கூனில் ஒரு நோர்வேச் சரக்குக் கப்பலில் வேலைக்கு ஏறினார். தேக்கு மரம் ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் புறப்பட்ட கப்பல் அது. டென்மார்க்கின் மேற்குக் கரையில் அது உடைந்துபோனதாகவும், அவரைப் பற்றித் தகவல் இல்லையென்றும் கப்பல் முகவரிடமிருந்து ஒரு கடிதம் ஊருக்கு வந்தது. என்ன நாள் என்று அதில் எழுதியிருக்கவில்லை. அம்மாவுக்கு அப்போது ஐந்து வயது.

நாள் தெரியாதவருக்குத் திதி கிடையாது. அதனால் அம்மா அறுபது வருடமாக ஆடி அமாவாசையில், ஊரில் எல்லோரும் தங்கள் தகப்பன்மாருக்குச் செய்யும் பொதுநாளில், தன் தகப்பனுக்கும் சோறு படைத்துக் காகத்துக்கு வைத்தார். இப்போது அவருக்கு இரத்த அழுத்தம், முழங்கால் வருத்தம், ஊரில் சண்டை. 'நீ நோர்வேயிலை இருக்கிறாய், அந்தக் கப்பலும் நோர்வேக்காரன்ரை, ஒருக்கால் விசாரிச்சுப் பார்' என்று எழுதியிருந்தார். 'அவரின்ரை நெத்தியிலை ஒரு துளி திருநீறு வைக்கவும் ஆள் இருந்திராது. நான் கண்ணை மூட முந்தி அவருக்கெண்டு ஒரு நாளிலை விளக்கு வைக்கவேணும். நாள் மட்டும் தெரிஞ்சால் காணும்.'

நான் இருந்த ஊரின் நூலகத்தில் ஒரு பெண்மணி பழைய பத்திரிகைகளைக் கிண்டி, கப்பல் உடைந்த இடத்தைக் கண்டுபிடித்துத் தந்தார். எஸ்பியர்க் என்ற துறைமுகப் பட்டணத்துக்கு வடக்கே ஒரு கடற்கரைக் கிராமம். பத்திரிகையில் நவம்பர் என்று மாதம் இருந்தது, நாள் அச்சு அழிந்துபோயிருந்தது. கிராமத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஏன் என்பது பிறகு விளங்கும்.

டென்மார்க்கில் கரையிறங்கியதும் கால் நிலத்தில் பட்ட துணிச்சலில், யாரையும் கேட்காமல் ரயில் ஏறினேன். அந்த நாட்டில் ஒரே ரயில் ஒரு நிலையத்தில் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு பாதியும் ஒவ்வொரு பக்கம் போகும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் வழியில் ஒரு நிலையத்தில் இறங்கி, மாறி ஏறியது சரியான ரயில்தான், இருந்தது பிழையான பாதி. ஜன்னலுக்கு வெளியே ஹோர்சன்ஸ் என்று பலகை வந்தது. இதே பெயரைச் சற்று முந்தியும் பார்த்தோமே, இந்தச் சின்ன நாட்டில் ஒரே பெயரில் இரண்டு ஊர் வைத்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன். பரிசோதகர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நீங்கள் வந்த வழியே திரும்பிப் போகிறீர்கள், போகவேண்டிய எஸ்பியர்க் இப்போது நமக்கு முதுகுப் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்றார்.

ஹோர்சன்ஸ் நிலையத்தில் இரண்டு மணித்தியாலம் காத்திருந்தேன். கூண்டுக்கடையில் சாயம் பூசியதுபோலச் சிவப்பாக ஒரு சொசேஜும் பாணும் தந்தார்கள். பாண் ஒரு கையில், சொசேஜ் ஒரு கையில், கடுகு கடதாசியில். இதை எந்த ஒழுங்கில் சாப்பிடுவது என்று பக்கத்தில் நின்றவரைப் பார்த்துப் பழகினேன். வெறும் வயிற்றுக்கு அது அமிர்தமாக இருந்தது.

எஸ்பியர்க்கில் சூசையண்ணை வந்து நின்றார். மன்னார்க்காரர், கத்தோலிக்கர், கொழும்பில் நாங்கள் ஒரே விடுதியில் இருந்தவர்கள். டென்மார்க்குக்கு வந்து இரண்டு வருடம், துறைமுகத்துக்குப் பக்கத்தில் மீன் பதனிடும் இடத்தில் வேலை. "பாதி ரயிலிலை போனீராக்கும்" என்றார் என்னைக் கண்டதும். அவரும் முதல் தடவை அப்படித்தானாம். காற்று முகத்தில் அடித்தது. மீன் வாடை, எண்ணெய் வாடை, உப்பு. பருத்தித்துறை முனையில் நிற்பதுபோல இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, காற்று பலம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ரீற்றா அக்கா, சூசையண்ணையின் மனைவி, கோதுமை மாப் புட்டு அவித்து, கேக்குக்குப் போடுகிற காய்ந்த தேங்காய்த் துருவலைச் சுடுநீரில் ஊறவைத்துப் பிழிந்து மீன்குழம்பு வைத்திருந்தார். லண்டனிலிருந்து தபாலில் வந்த மிளகாய்த்தூள். நான் சாப்பிட்ட அளவைப் பார்த்து, நோர்வேயில் தமிழனைப் பட்டினி போடுகிறார்களா என்று கேட்டார். பட்டினி இல்லை அக்கா, அவித்த உருளைக்கிழங்கு என்றேன்.

இரண்டாம் நாள் சூசையண்ணை லீவு எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். அவருடைய பழைய கார் இரண்டாம் கியரில் இறுகிவிட்டது. வழியெல்லாம் இரண்டாம் கியரிலேயே போனோம். எங்களுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரிசை, ஆனால் ஒருவர்கூட ஹோர்ன் அடிக்கவில்லை. ஊரில் என்றால் எங்கள் பரம்பரையையே தெருவில் இழுத்து விட்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் தட்டையான வயல், குட்டையாக வளைந்த பைன் மரங்கள், கடைசியில் மணல்மேடுகள். மேட்டுக்கு அந்தப் பக்கம் கடல் இரைவது கேட்டது.

அந்த நாட்டில் பிறப்பு, இறப்பு எல்லாம் தேவாலயத்துப் பதிவேட்டில்தான். போதகரின் கந்தோரில் இருந்த பெண் எழுத்தர் கட்டியான தோல் அட்டைப் புத்தகத்தை எடுத்துவந்து, கை கழுவிவிட்டுத் திறந்தார். டெனிஷ் மொழியை எழுத்தில் பார்த்தால் நோர்வே மொழியின் கூடப்பிறந்தது மாதிரி இருக்கும். அந்தத் திமிரில், சூசையண்ணை எட்டிப் பார்த்தபோது, நீங்கள் இருங்கள், உங்களுடைய தொழிற்சாலை டெனிஷுக்கு இது சரிவராது என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டு கைகட்டி நின்றார்.

நோர்வே நீராவிக்கப்பல் மணல்திட்டில் ஏறிய இரவு, நாளோடு எழுதியிருந்தது. கரையொதுங்கி ஒரே குழியில் அடக்கம் செய்யப்பட்ட மாலுமிகளின் பட்டியல் கீழே. அதற்கும் கீழே தனியாக ஒரு வரி. 'கறுத்த நிறத்தவர். இந்தியாவைச் சேர்ந்தவர் என நம்பப்படுகிறது. மேற்சொன்ன கப்பல். பெயர் தெரியாது.'

எங்கள் கதிரித்தம்பி இந்த நாட்டில் அந்த நாலு சொல்தான். நான் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு அழுதேன். எழுத்தர் புத்தகம் நனையாமல் மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, எனக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ஏதும் இருந்தால் அறிவிக்கிறேன் என்று சூசையண்ணையின் தொலைபேசி இலக்கத்தையும் வாங்கி வைத்தார்.

தேவாலயத்து முற்றத்தில் மாலுமிகளுக்கு ஒரு பொதுக்கல் நின்றது. தனி வரிக்காரருக்குக் கல் இல்லை. அங்கே கல்லறையைச் சில பத்து வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க உறவினர் யாராவது வேண்டும், இல்லையென்றால் மண்ணைச் சமப்படுத்தி வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். பருத்தித்துறையிலிருந்து யார் வந்து புதுப்பிப்பது?

திரும்பும் வழியிலேயே எஸ்பியர்க் தபால் கந்தோரில் இறங்கி, கப்பல் உடைந்த தேதியை அம்மாவுக்குத் தந்தி அடித்தேன். ஆங்கிலத் தேதி போதும், ஊரில் ஐயர் பழைய பஞ்சாங்கம் பார்த்துத் திதியைச் சொல்லிவிடுவார். நவம்பருக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. வந்த காரியம் இரண்டே நாளில் முடிந்த பெருமையில் ரீற்றா அக்காவுக்கு ஒரு பெட்டி கேக் வாங்கிக்கொண்டு போனேன்.

மூன்றாம் நாள் துறைமுகத்தைச் சுற்றிப் பார்த்தேன். நீலமும் சிவப்புமாக வள்ளங்கள், அவற்றுக்கு மேலே நூற்றுக்கணக்கில் கடற்புறாக்கள். சூசையண்ணையோடு வேலை செய்யும் டெனிஷ்காரர் ஒருவர் அன்பாக ஒரு கறுப்பு இனிப்புத் தந்தார். வாயில் போட்டால் உப்பு, கைப்பு, பேதி மருந்து எல்லாம் ஒரே நேரத்தில். முகத்தைச் சுளிக்காமல் விழுங்கினேன். பிடித்துவிட்டதாக்கும் என்று இன்னொன்று தந்தார்.

வீட்டுக்கு வந்தால் ரீற்றா அக்கா எனக்காகக் காத்திருந்தார். கந்தோர் எழுத்தர் தொலைபேசி எடுத்திருந்தாராம். நான் நேற்று அந்தப் பக்கத்தை முழுதாகப் படிக்கவில்லை. தனி வரிக்காரரின் அடக்கம் மற்றவர்களோடு நடக்கவில்லை, சில நாள் பிந்தியே நடந்திருக்கிறது. ஓரத்தில் ஒரு பண்ணை வீட்டின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கிறது. அந்த வீட்டுப் பெண் இன்னும் உயிரோடு இருக்கிறார், நீங்கள் வந்தால் பேசுவதாகச் சொல்கிறார்.

அடக்கம் பிந்தினால் உடல் பிந்திக் கரையொதுங்கியிருக்கும் என்று மனத்தைத் தேற்றப் பார்த்தேன். ஆனால் கரையொதுங்கிய உடலுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் பெயரை ஏன் எழுதுகிறார்கள்? சூசையண்ணை என்னுடைய நோர்வே மொழியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நாலாம் நாள் காலை, கியர் திருத்திய காரில் போனோம். அந்த அம்மாவின் பெயர் கிறிஸ்டினே. எழுபதை நெருங்கிய, உயரமான, மரக்கட்டைச் செருப்புப் போட்ட பெண். மேசையில் கோப்பியும் ஏழு வகைப் பலகாரமும். ஏழிலும் ஒவ்வொன்று எடுக்கும்வரை அவர் கப்பலைப் பற்றி வாய் திறக்கவில்லை. மரியாதை என்றால் அங்கேயும் வயிற்றுக்குத்தான் முதலில். அவர் பேசிய கரையோரத்து மொழி எனக்குப் பிடிபடவே இல்லை. நான் இளக்காரமாகச் சொன்ன அந்தத் தொழிற்சாலை டெனிஷ்தான் அன்றைக்குக் கைகொடுத்தது. சூசையண்ணை வரி வரியாகச் சொல்லச் சொல்ல நான் கேட்டேன்.

புயல் இரவில் கரையிலிருந்து மீட்புப் படகு போனதாம். காப்பாற்றியவர்களை வண்டிகளில் பட்டணத்துக்கு அனுப்பினார்கள். ஒருவருக்கு மட்டும் நெஞ்சில் சளி கட்டி அசைக்க முடியவில்லை. அவரை இந்த வீட்டில், இந்தச் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில் படுக்கவைத்தார்கள். அவர் மூன்று நாள் உயிரோடு இருந்தார்.

மூன்று நாள். நான் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன். அம்மாவுக்கு நான் அனுப்பிய நாளில் அவருடைய தகப்பன் இறக்கவில்லை. அந்த நாளில் அவர் இந்த அடுப்பில் குளிர் காய்ந்துகொண்டிருந்திருக்கிறார்.

கிறிஸ்டினேக்கு அப்போது எட்டு வயது. இறைச்சியையும் கறுத்தப் பாணையும் அவர் தொடவில்லையாம். சோறு சாப்பிடுகிற ஆட்கள் என்று யாரோ சொல்ல, கிறிஸ்டினேயின் தாய் மெட்டா நத்தாருக்கென்று, அதாவது கிறிஸ்து பிறந்தநாளுக்கென்று, எடுத்துவைத்திருந்த அரிசியைப் பாலில் காய்ச்சிக் கரண்டியால் ஊட்டியிருக்கிறார். அரிசிப் பாற்கஞ்சி அந்த நாட்டில் நத்தார் இரவுச் சாப்பாடு. ஏழை வீடு, வேறு அரிசி இல்லை. "அந்த நத்தாருக்கு எங்களுக்குக் கஞ்சி இல்லை. நான் அவர் மேல் கோபமாக இருந்தேன். அதற்காக இப்போதும் வெட்கப்படுகிறேன்" என்றார் கிறிஸ்டினே.

பிறகு எழுந்துபோய்ச் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. இதை நான் யாருக்கும் சொன்னதில்லை, உங்களைத் தவிர வேறு யாருக்கும் சொல்லப்போவதுமில்லை என்றார்.

ஒவ்வொரு நாள் காலையும் அந்த மனிதர் தண்ணீர் கேட்டு முகம் கழுவுவாராம். பிறகு அடுப்படியிலிருந்து சாம்பலை எடுத்து, மூன்று விரலால் நெற்றியில் இழுப்பாராம். அந்தக் கரையில் அப்போது காய்ந்த சேற்றுமண் கட்டிகளைத்தான் அடுப்பில் எரிப்பார்கள். அதன் சாம்பல் மாவைப்போல மெல்லிசு. அவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று கிறிஸ்டினேயின் தகப்பன் நினைத்தார். தாய் அதைக் கவனித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அவருக்குக் கை எழும்பவில்லை. நாலாம் நாள் விடிய முதல் இறந்துபோனார்.

பெட்டியைத் தகப்பன் செய்தார். கரையில் ஒதுங்கிய மரத்தை ஏலம் முடியும்வரை யாரும் தொடக்கூடாது என்பது சட்டம். அவர் போய் நாலு பலகை எடுத்துவந்தார், உங்கள் கப்பலின் மரம்தான் என்றார் கிறிஸ்டினே. ரங்கூன் தேக்கு. பருத்தித்துறையில் எங்கள் வீட்டு முன்கதவுக்கு மட்டும்தான் அந்த மரம் கட்டுப்படியானது.

"மூடியை அடிக்க முன்பு அம்மா அப்பாவை வெளியே போகச் சொன்னார். அடுப்பிலிருந்து சாம்பல் எடுத்து, அந்த மனிதர் செய்ததுபோலவே மூன்று விரலால் அவருடைய நெற்றியில் பூசினார். இது போதகருக்குத் தெரியக்கூடாது என்றார். ஏன் செய்தீர்கள் என்று கேட்டேன். அங்கே போகும்போது அவருடைய ஆட்கள் அவரை அடையாளம் கண்டுபிடிக்க வேண்டாமா என்றார்."

சூசையண்ணை இதைத் தமிழில் சொல்லி முடிக்கும்போது அவருடைய குரல் உடைந்துவிட்டது. அவர் சிலுவை போட்டுக்கொண்டார். நான் மேசையில் தலையை வைத்துக்கொண்டேன். அந்த அம்மா என் முதுகில் கையை வைத்தார், வைத்தபடியே இருந்தார். அந்தக் கிராமத்தில் மத விஷயத்தில் கண்டிப்பு அதிகம். இது தெரிந்தால் தாயைப் பற்றி அவர்கள் இன்றைக்கும் தவறாகக் கதைப்பார்கள் என்று அவர் பயந்தார். அதனால்தான் ஊர்ப் பெயரை எழுதவில்லை.

பிறகு எங்களைத் தேவாலய முற்றத்துக்குக் கூட்டிப்போனார். மேற்கு மதிலோரம் ஒரு ரொட்டிக்கடைக்காரரின் கல்லறை. அதற்குக் கீழேதான் என்றார். காட்டு ரோசாச் செடியில் சிவப்புக் காய்கள் நிறைந்திருந்தன. நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். ரொட்டிக்கடைக்காரருக்கும் அதில் ஒரு பங்கு போயிருக்கும்.

காரில் எஸ்பியர்க்கை நெருங்கும்போது சூசையண்ணை, "எங்களுக்கும் சாம்பல் புதன் இருக்கு தம்பி, அண்டைக்கு நெத்தியிலை சாம்பல் பூசுவம். ஆனால் இந்த ஊர்ச் சபைக்காரருக்கு அது இல்லை. அந்த மனிசி தன்ரை வேதத்திலை இல்லாததைச் செய்திருக்கிறா" என்றார்.

அன்றே இரண்டாவது தந்தி அடித்தேன். முந்திய தேதி பிழை, சரியான தேதி இது. கவுண்டரில் இருந்த பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டு, ஊரில் எல்லோரும் சுகமா என்று கேட்டார். பிறகு சூசையண்ணை வீட்டு மேசையில் இருந்து அம்மாவுக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதினேன். சாம்பல் பூசிய இடத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். ஐந்தாம் நாள் ரயில் ஏறும்போது, எஸ்பியர்க்கிலிருந்து போகிற ரயிலில் பாதி பார்த்து ஏறத் தேவையில்லை என்று சூசையண்ணை மூன்று தடவை சொன்னார். ரீற்றா அக்கா கட்டித் தந்த புட்டுப் பார்சலைக் கப்பலில் தைரியமாகச் சாப்பிட்டேன். அந்தத் தைரியத்துக்குக் கடல் உடனேயே தண்டனை தந்தது.

அம்மாவின் பதில் தை மாதம் கழிந்துதான் வந்து சேர்ந்தது. ஊரடங்கும் குண்டும் தபாலை எங்கெல்லாமோ முடக்கி வைத்திருந்தன. முதல் தந்தி கிடைத்து, ஐயர் அபரபக்க சஷ்டி, அதாவது தேய்பிறை ஆறாம் நாள், என்று சொல்ல, அம்மா அந்தத் திதியில் படைத்துவிட்டார். இரண்டாவது தந்தியும் என் கடிதமும் அடுத்தநாள் சேர்ந்தே வந்தன. நவமியில் மறுபடியும் படைத்தார். ஒரே ஆளுக்கு இரண்டு திதி செய்கிற வழக்கம் இல்லை என்று ஐயர் முணுமுணுத்தாராம். முதல் நாள் கப்பலுக்கு, மற்ற நாள் என் தகப்பனுக்கு என்று அம்மா சொல்லிவிட்டார்.

கடிதத்தின் கடைசியில் பேனை மாறியிருந்தது. 'அந்தச் சாம்பல் இடத்தை ஒவ்வொரு நாளும் வாசிக்கிறன். அந்த மெட்டா எண்ட மனிசி செத்த நாள் என்ன? நீ அதைக் கேட்டு எழுதேல்லை.'

நான் கேட்கவில்லைத்தான். பாட்டனாரின் நாளைத் தேடிப் போனவனுக்கு அது தோன்றவேயில்லை. உடனே கிறிஸ்டினேக்கு எழுதினேன். என் நோர்வே மொழியில் எழுதி, திருத்தச் சொல்லிச் சூசையண்ணைக்கு அனுப்பி, அவர் மூலமாகப் போன கடிதம் அது. எங்கள் வீட்டில் இறந்தவர்களின் நாளில் சோறு படைப்பது வழக்கம், என் தாய் உங்கள் தாய்க்கும் அதைச் செய்ய விரும்புகிறார், உங்களுக்குச் சம்மதமா? பதிலாக ஒரு தபாலட்டை வந்தது. அதில் ஒரு தேதி. அதற்குக் கீழே, அம்மா வெட்கப்பட்டிருப்பார், ஆனாலும் சம்மதம் என்று ஒரு வரி.

அந்தத் தேதியை ஊருக்கு அனுப்பினேன். அது பங்குனியில் ஒரு பூர்வபக்க, வளர்பிறைத் திதி. மாதங்கள் கழித்து அம்மாவின் கடிதம் வந்தது. பாற்கஞ்சி காய்ச்சிப் படைத்ததாக எழுதியிருந்தார்.

'என்ன முறை எண்டு ஐயர் கேட்டார். என்ரை அப்பாவுக்குக் கடைசியாய் ஊட்டினது அவ, திருநீறு பூசினதும் அவ. அப்பாவின்ரை கூடப்பிறந்தவள்தானே இதெல்லாம் செய்யிறது. எனக்கு மாமி முறை எண்டு சொன்னன். அவர் எழுதிக்கொண்டார்.'